நட்சத்திர ஆட்டக்காரர் கோச் ஆனால், பையனை நம்பி அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் டெக்சாஸில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதில் சாக்கர் ஆடியவன், இப்போது பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் கிக்கர், அதாவது பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன். இரண்டு கல்லூரிகள் கூப்பிட்டிருக்கின்றன. ஒன்றில் புதிதாக வந்திருக்கும் ஹெட் கோச், என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்கில் கொடிகட்டிப் பறந்தவர். ஆனால் இதுவரை எங்கேயும் கோச்சாக வேலை பார்த்ததில்லை. இன்னொன்றில் இருப்பவரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. இருபது வருடமாகக் கோச் வேலைதானாம். "அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?" என்கிறார் என் கணவர். அமெரிக்கா வந்த புதிதில் அந்த மனிதரின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் இவர் இந்த விளையாட்டையே கற்றுக்கொண்டாராம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. பிப்ரவரிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் இருக்கலாம். மேடையில் சபையையே கட்டிப்போடும் வித்வான் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பொறுமை இழப்பதை நாம் பார்த்ததில்லையா? ஆனால் இங்கே விஷயம் அதுவும் இல்லை. கல்லூரி ஃபுட்பாலில் ஹெட் கோச் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் நேரம் மிகக் கொஞ்சம். அவருடைய வேலையே வேறு.

நான் இந்த ஆட்டம் ஆடியவன் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் படிப்பு ஆலோசகராகப் பதினான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பையன் எந்த வகுப்பு எடுக்க வேண்டும், பட்டத்துக்கு இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கி என்று கணக்குப் பார்ப்பவன். இதற்குள் நான்கு ஹெட் கோச்சுகள் வந்து போய்விட்டார்கள். ஒவ்வொருவர் மாறும்போதும் என் அறை வாசலில் வரிசை நிற்கும். அந்த வரிசையில் உங்கள் மகன் நிற்க வேண்டி வருமா என்பதுதான் என் கவலை. அதனால் இந்தப் பதிலை அந்தப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.

ஹெட் கோச் காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார்? போன் பேசுகிறார். பள்ளிப் பையன்களிடம், அவர்களுடைய அம்மாக்களிடம், பள்ளிக் கோச்சுகளிடம், நன்கொடை கொடுக்கும் பழைய மாணவர்களிடம். அப்புறம் உதவிக் கோச்சுகளோடு கூட்டம். ஒரு பையன் இரவு ஏதோ வம்பில் மாட்டியிருப்பான், அந்தப் பஞ்சாயத்து. இன்னொருவனுக்குப் பாட்டி இறந்துபோயிருப்பார், ஊருக்கு அனுப்ப வேண்டும். என்னைப் போன்றவர்கள் போய் "இவன் வேதியியலில் தேறமாட்டான் போலிருக்கிறது" என்று நிற்போம். சாயங்காலப் பயிற்சியில் அவர் மைதானத்தின் நடுவே நின்று எல்லாவற்றையும் பார்ப்பார். ஆனால் கால் எங்கே வைக்க வேண்டும், தோள் எப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அந்தந்த இடத்துக்கான உதவிக் கோச்சுதான். ஒரு வாரத்தில் பயிற்சி, கூட்டம், ஆட்டம் எல்லாம் சேர்த்து 20 மணி நேரத்துக்கு மேல் மாணவனை வைத்திருக்கக் கூடாது என்பது, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. அந்த நேரத்தில் ஹெட் கோச் உங்கள் மகனோடு நேராகப் பேசும் நிமிஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே பெரிய ஆட்டக்காரருக்கு ஆட்டம் சொல்லித்தர வருமா என்று பார்ப்பதைவிட, அவருக்கு ஆள் பிடிக்கத் தெரியுமா, நல்ல உதவியாளர்களை வைத்துக்கொள்ளத் தெரியுமா, நூறு பையன்கள் இருக்கும் ஒரு வீட்டை நடத்தத் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

ஆள் பிடிப்பதில் நட்சத்திரத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டியான் சாண்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் அவரை ஹெட் கோச்சாக அறிவித்தது. அதற்கு முன் அவருக்கு இருந்த அனுபவம் பள்ளி அணிகளில்தான். அடுத்த வருடம் டிசம்பரில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த பள்ளி ஆட்டக்காரன் டிராவிஸ் ஹன்டர், புளோரிடா ஸ்டேட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தவன், ஜாக்சன் ஸ்டேட்டில் கையெழுத்துப் போட்டான். இதன் கனம் புரிய வேண்டுமென்றால், ஜாக்சன் ஸ்டேட் ஆடுவது எஃப்சிஎஸ் என்கிற கீழ்ப் படியில். மேல் படியில் எங்கு வேண்டுமானாலும் போகக்கூடியவன் இறங்கி வந்தான். வேறு எந்தக் கோச் பேசியும் அது நடந்திருக்காது. 2021ல் 11 வெற்றி 2 தோல்வி, 2022ல் 12 வெற்றி 1 தோல்வி. அப்படியே கொலராடோவுக்குத் தாவினார்.

கொலராடோ கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கணவர் கட்டாயம் அதை எடுத்துப் போடுவார். அவர் வருவதற்கு முந்தைய சீசனில் கொலராடோ ஒன்றே ஒன்றுதான் ஜெயித்திருந்தது. 2023ல் முதல் ஆட்டத்திலேயே, முந்தைய வருடம் தேசிய இறுதிவரை போயிருந்த டிசியூ அணியை 45-42 என்று சாய்த்தார்கள். முதல் மூன்று ஆட்டமும் வெற்றி. நாடே கூத்தாடியது. அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 29-0 என்று முன்னால் இருந்தார்கள், கடைசியில் 46-43 என்று தோற்றார்கள். அந்த சீசன் 4 வெற்றி, 8 தோல்வி. அடுத்த வருடம், 2024ல், 9 வெற்றி 4 தோல்வி. ஹன்டருக்கு, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பை. 2025ல் ஹன்டரும், அணியில் ஆடிய சாண்டர்ஸின் மகன் ஷெடூரும் என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார்கள். கொலராடோ 3 வெற்றி, 9 தோல்வி.

இதில் கோச்சின் திறமை எவ்வளவு, அந்த இரண்டு பையன்களின் திறமை எவ்வளவு? இரண்டையும் கத்தி வைத்துப் பிரிக்க முடியாது. என் கணிப்பைச் சொல்கிறேன். 2024ல் நடந்த நல்லதில் கொஞ்சம், அந்த வருடம் என்எஃப்எல்லின் சின்சினாட்டி பெங்கால்ஸிலிருந்து தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொள்ள ராபர்ட் லிவிங்ஸ்டனைக் கூட்டிவந்ததால் நடந்தது. அந்த ஆளைத் தேர்ந்தெடுத்தது சாண்டர்ஸ்தான், அந்தப் புகழ் அவருக்கே. ஹெட் கோச்சின் திறமை என்று நான் சொல்வது அதைத்தான்.

ஆனால் அதே கொலராடோவில் இன்னொன்றும் நடந்தது. வந்த முதல் கூட்டத்திலேயே, "என் பெட்டிகளை நானே கொண்டு வருகிறேன், அது லூயி விட்டான் பெட்டி" என்கிற தோரணையில் பேசி, இருப்பவர்கள் போர்ட்டலில் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரி தேடிப் போனார்கள். போர்ட்டல் என்றால், கல்லூரி மாற விரும்பும் மாணவர்கள் பெயர் பதியும் என்சிஏஏ பட்டியல். 2018ல் வந்தது. அதன் விதிகள் தளரத் தளர, புதுக் கோச் வந்ததும் வீட்டை மொத்தமாகக் காலி செய்வது சுலபமாகிவிட்டது.

தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு அது ஒரு கதை. என் அறையில் அது ஒரு கணக்கு. டிவிஷன் 1 என்கிற மேல்மட்டக் கல்லூரி விளையாட்டில் இருக்கும் மாணவன் மூன்றாம் வருடம் தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், நான்காம் வருடத்துக்கு 60, ஐந்தாம் வருடத்துக்கு 80. இல்லாவிட்டால் ஆட முடியாது. கல்லூரி மாறினால் எல்லா கிரெடிட்டும் கூடவே வராது. ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். இரண்டு வருடம் எஞ்ஜினியரிங் படித்தான். எங்களிடம் வந்தபோது அந்தப் பாடங்களில் பாதி எங்கள் எஞ்ஜினியரிங் திட்டத்தில் பொருந்தவில்லை. 40 சதவீதம் தொட வேண்டுமென்றால் பொதுப் படிப்புக்கு மாற வேண்டும். மாறினான். அவன் அப்பா போனில் என்னிடம் அரை மணி நேரம் கத்தினார், அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அந்தப் பையனை அனுப்பிய கல்லூரியில் புதிதாக வந்தவர் ஒரு பெரிய பெயர். அவருக்கு இந்தப் பையன் யாரென்றே தெரிந்திருக்காது.

இதை நட்சத்திரங்கள் மட்டும்தான் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். எல்லாப் புதுக் கோச்சும் செய்கிறார்கள். ஆனால் போன் எடுத்தாலே ஆள் வரும் என்கிற நம்பிக்கை நட்சத்திரத்துக்கு அதிகம், அதனால் இருப்பவனைப் பொறுத்துப் பார்க்கும் பொறுமை குறைவு. இது என் அனுபவம்.

அனுபவமில்லாத மற்றவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்க்கலாம். 2025 அக்டோபர் கடைசியில் பிலடெல்ஃபியாவில், என்எஃப்எல்லின் ஈகிள்ஸ் அணியின் சொந்த மைதானத்தில், டெலவேர் ஸ்டேட்டும் நார்ஃபோக் ஸ்டேட்டும் மோதின. ஒரு பக்கம் டிஷான் ஜாக்சன், இன்னொரு பக்கம் மைக்கேல் விக். ஈகிள்ஸில் ஒன்றாக ஆடியவர்கள், ஒரே மாதத்தில் கோச் ஆனவர்கள். 2010 டிசம்பரில் ஜயன்ட்ஸுக்கு எதிராகக் கடைசி எட்டு நிமிஷத்தில் ஈகிள்ஸ் பின்னாலிருந்து எழுந்து ஜெயித்த அந்த ஆட்டம் உங்கள் கணவருக்கு மறந்திருக்காது. டெலவேர் ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில் சுமார் 7,000 பேர்தான் உட்காரலாம். அன்றைக்கு வந்தவர்கள் 40,000க்கு மேல். நட்சத்திரம் கொண்டுவரும் கூட்டம் என்றால் இதுதான், இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சின்னக் கல்லூரிக்கு அந்தப் பணமும் பேச்சும் பெரிய விஷயம்.

சீசன் முடிந்தபோது ஜாக்சன் 8 வெற்றி 4 தோல்வி. முந்தைய வருடம் ஒரே ஒரு வெற்றி பெற்ற அணியை வைத்துக்கொண்டு. விக் 1 வெற்றி 11 தோல்வி. ஏறக்குறைய ஒரே மாதிரியான பின்னணி, ஒரே வருடம், ஒரே லீக். ஜாக்சன் அதற்கு முந்தைய வருடம் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளியில் தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டார். விக்குக்கு அதுகூட இல்லை; கன்சாஸ் சிட்டியின் பயிற்சி முகாமில் கொஞ்ச நாள் உடனிருந்ததுதான். ஒரு வருடப் பள்ளி அனுபவம்தான் ஏழு வெற்றி வித்தியாசம் என்று நான் சொன்னால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. ஒரு சீசனை வைத்து ஒருவரையும் எடை போட முடியாது. ஆனால் பெரிய ஆட்டக்காரர் என்பது மட்டும் எதையும் சொல்லிவிடாது என்பதற்கு இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எடி ஜார்ஜ் கதை எனக்குப் பிடித்தது. 1995ல் ஹைஸ்மன் வாங்கியவர். 2021ல் டென்னசி ஸ்டேட் கூப்பிட்டபோது கோச்சாக ஒரு நாள் அனுபவம்கூடக் கிடையாது. எம்பிஏ படித்திருந்தார், நாடகத்தில் நடித்திருந்தார். அவர் செய்த புத்திசாலித்தனம், என்எஃப்எல்லில் இரண்டு அணிகளுக்கு ஹெட் கோச்சாக இருந்த ஹியூ ஜாக்சனை முதல் வருடமே தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாகக் கூட்டிக்கொண்டது. தனக்குத் தெரியாதது எது என்று தெரிந்தவர். அப்படியும் எத்தனை வருடம் ஆனது பாருங்கள்: முதல் வருடம் 5-6, அடுத்தது 4-7, அப்புறம் 6-5, நான்காவது வருடம்தான் 9-4, 2013க்குப் பிறகு முதல் தடவையாகப் பிளேஆஃப். உடனே 2025ல் மேல் படியில் இருக்கும் பவுலிங் கிரீன் அழைத்துக்கொண்டது. 2021ல் சேர்ந்த பையன் நான்கு வருடம் பொறுத்திருந்தால் நல்ல காலத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருப்பான். 2024ல் சேர்ந்தவனுக்கு ஒரே வருடத்தில் புதுக் கோச். ஜெயித்தாலும் கோச் போவார், தோற்றாலும் போவார், சகோதரி. இதை மனதில் வையுங்கள்.

டிரென்ட் டில்ஃபர் வேறு வகை. என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் போலை ஜெயித்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர். நாஷ்வில்லில் ஒரு பள்ளி அணியை நான்கு வருடம் நடத்தி இரண்டு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். குவார்ட்டர்பேக் பையன்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தியவர். அதாவது சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர். அலபாமாவின் யூஏபி பல்கலைக்கழகம் அவரைக் கூட்டிவந்தது. 2023ல் 4-8, 2024ல் 3-9, 2025 அக்டோபரில் பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். அவர் போன பின்பு வந்த முதல் ஆட்டத்தில், தற்காலிகமாகப் பொறுப்பேற்ற உதவிக் கோச்சின் கீழ், அதே பையன்கள் தரவரிசையில் இருந்த மெம்ஃபிஸை ஜெயித்தார்கள். பள்ளியில் ஒரு அணியை வளர்ப்பதும், வருடா வருடம் ஆள் கலைந்து போகும் கல்லூரி அணியை நடத்துவதும் ஒன்றல்ல என்பதைத்தான் எனக்கு அது காட்டியது.

அனுபவம் இல்லாததன் விலை வெளியே தெரிவது பெரும்பாலும் கடிகாரத்தில். என்எஃப்எல் உதாரணம்தான், ஆனால் இதைவிடத் தெளிவாக வேறு இல்லை. 2022 நவம்பரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் தங்கள் பழைய சென்டர் ஜெஃப் சாட்டர்டேயை நேராகத் தொலைக்காட்சி நாற்காலியிலிருந்து தூக்கி இடைக்கால ஹெட் கோச் ஆக்கியது. பள்ளி அணிதான் அவர் அனுபவம். பந்தை ஒவ்வொரு தடவையும் முதலில் தொடுபவர் சென்டர்; எதிரணியின் தடுப்பைப் படித்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்பவரும் அவர்தான். ஆட்டம் தெரியாது என்று அவரைச் சொல்ல முடியுமா? பிட்ஸ்பர்க்குக்கு எதிராகக் கடைசி நிமிஷங்களில் ஏழு புள்ளி பின்னால், கையில் கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட் மூன்று பாக்கி, எதிரணியின் பகுதிக்குள் போய்விட்டார்கள். குவார்ட்டர்பேக் ஓடி விழுந்தார். கடிகாரம் ஓடுகிறது. சாட்டர்டே சும்மா நிற்கிறார். டைம்அவுட் கேட்பதற்குள் மதிப்பான நொடிகள் போய்விட்டன. 24-17 என்று தோல்வி. சில வாரம் கழித்து மினசோட்டாவில் பாதி ஆட்டத்தில் 33-0 முன்னணி, கடைசியில் 39-36 தோல்வி. என்எஃப்எல் வரலாற்றில் அவ்வளவு பின்னாலிருந்து எந்த அணியும் எழுந்து வந்ததில்லை. எட்டு ஆட்டத்தில் ஒன்று ஜெயித்தார்.

பந்து கையில் இருக்கும்போது அந்த மனிதர் பதினாலு வருடம் தவறாமல் முடிவெடுத்தவர். ஓரத்தில் நிற்கும்போது எடுக்க வேண்டிய முடிவு வேறு வகை, அது கை காலில் ஏறுவதற்கு உதவியாளராக நின்று பழகிய வருடங்கள் வேண்டும்.

அந்த வருடங்களைக் கொடுத்த நட்சத்திரங்களும் இருக்கிறார்கள், உங்கள் கணவருக்கு ஆறுதலாக இருக்கும். ஸ்டீவ் ஸ்பரியர் 1966ல் ஹைஸ்மன் வாங்கினார். என்எஃப்எல்லில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். 1976ல் டாம்பா பே பதினாலு ஆட்டத்தையும் தோற்றபோது குவார்ட்டர்பேக் அவர்தான். 1978ல் உதவிக் கோச்சாகத் தொடங்கி, இரண்டு மூன்று இடம் மாறி, 1983ல்தான் ஒரு அணி அவர் கையில் வந்தது. 1996ல் தான் ஆடிய புளோரிடாவுக்கே தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஜிம் ஹார்பா இன்னும் சுவாரஸ்யம். என்எஃப்எல்லில் குவார்ட்டர்பேக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதே, 1994லிருந்து அப்பாவின் வெஸ்டர்ன் கென்டக்கி அணிக்குச் சம்பளமில்லாத உதவியாளராக, ஊர் ஊராகப் போய்ப் பையன்களைச் சேர்த்துக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு ஸ்காலர்ஷிப்பே இல்லாத சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் ஹெட் கோச் வேலையை ஆரம்பித்தார். 2024 ஜனவரியில் மிச்சிகனுக்குத் தேசியப் பட்டம்.

கோச்சாக ஏழு தேசியப் பட்டம் வாங்கிய நிக் சேபன் என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இன்னொரு கோச் மைக் லீச் கல்லூரியிலேயே ஃபுட்பால் ஆடாதவர், சட்டம் படித்தவர். பெயர் தெரியாத கோச் என்று நீங்கள் தயங்காமல் இருப்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன். அதற்காக இருபது வருட அனுபவம் என்றதும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். ஸ்காட் ஃப்ராஸ்ட் நெப்ராஸ்காவின் செல்லப்பிள்ளை, அனுபவமும் இருந்தது, யூசிஎஃப் பல்கலைக்கழகத்தில் 2017ல் ஒரு ஆட்டமும் தோற்காதவர். சொந்த நெப்ராஸ்காவில் 16 ஜெயித்து 31 தோற்றார்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அவன் கிக்கர். இதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த நட்சத்திரம் ஓடிப் பிடித்தவரா, துரத்தித் தடுத்தவரா எனக்குத் தெரியாது. எதுவானாலும் உதைப்பது பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. பெயர் தெரியாத கோச்சுக்கும் அப்படித்தான். பல கல்லூரிகளில் உதைப்பவர்களுக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆளே கிடையாது. உதைக்கும் ஆட்டங்களைக் கவனித்துக்கொள்ள ஸ்பெஷல் டீம்ஸ் கோச் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு அதோடு இன்னொரு பொறுப்பும் இருக்கும். கிக்கர்கள் மூலையில் மூன்று பேராக நின்று தாங்களே உதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே அவன் கேட்க வேண்டியது இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான்: ஸ்பெஷல் டீம்ஸ் யார், இதற்கு முன் எங்கே இருந்தார், அவரிடம் உதைத்த பையன்களின் போன் நம்பர் கிடைக்குமா? அந்தப் பையன்களிடம் உங்கள் மகனே பேசட்டும். நீங்கள் பேசினால் மரியாதையாகப் பேசுவார்கள், உண்மை வராது.

அப்புறம் ஸ்னாப்பரும் ஹோல்டரும் எந்த வருடம் படிக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஸ்னாப்பர் அனுப்பும் பந்து பின்னால் வந்து, ஹோல்டர் அதைப் பிடித்து நிறுத்தி, இவன் கால் படுவதற்குள் ஆகும் நேரம் சுமார் 1.3 நொடி. அந்த இரண்டு பேர் மாறினால் இவன் உதையும் மாறும். போர்ட்டலில் ஆளை ஒட்டுமொத்தமாக மாற்றும் கோச்சிடம் அந்த ஜோடி நிலைக்காது. நட்சத்திரக் கோச் உங்கள் மகனுக்குக் கெடுதல் செய்வதாக இருந்தால் இந்த வழியாகத்தான் செய்வார்.

பணம். நீங்கள் எழுதவில்லை, கேட்கிறேன்: எழுத்தில் என்ன கொடுத்திருக்கிறார்கள்? வாயால் சொன்ன ஆஃபர் யாரையும் கட்டாது. மாணவன் கல்லூரியோடு கையெழுத்திடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று முன்பு இருந்ததை 2024லேயே எடுத்தாயிற்று. இப்போது கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தம்தான் நீங்கள் பார்க்க வேண்டிய காகிதம். கிக்கர்களுக்குப் பல இடங்களில் "ப்ரிஃபர்ட் வாக்-ஆன்" என்பார்கள். அணியில் இடம் உண்டு, ஆனால் காசு கிடையாது என்று அர்த்தம். ஸ்காலர்ஷிப் என்றால் எத்தனை சதவீதம், ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா என்று பாருங்கள். கோச் வேலையை விட்டுப் போனாலும் அந்தக் காகிதம் செல்லுமா என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். கோச்சிடம் கேட்காதீர்கள், "நான் எங்கேயும் போகமாட்டேன்" என்பார். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

படிப்புக்கு ஒரு காரியம் செய்யுங்கள். அவன் எடுக்க நினைக்கும் படிப்பு இரண்டு கல்லூரியிலும் எப்படி என்று, ஃபுட்பாலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் போனாலும், கோச் போனாலும், அவன் அங்கேயே படித்து முடிக்க விரும்புவானா? நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன், அதனால் இப்படிச் சொல்கிறேன் என்று உங்கள் கணவர் சொல்வார். சொல்லட்டும்.

என் முடிவைக் கேட்டால், பெயர் தெரியாத கோச்சின் கல்லூரி. அங்கே பழைய கிக்கர்கள் நல்லதாகச் சொன்னால், படிப்பும் ஒத்துவந்தால். நட்சத்திரத்தின் கல்லூரிக்கு ஒரே ஒரு வழியில் மனம் மாறுவேன்: அவர் கூட்டி வந்திருக்கும் உதவிக் கோச்சுகளின் பட்டியல் கல்லூரியின் தளத்தில் வந்துவிட்டதா என்று பாருங்கள். எல்லாரும் அவரோடு ஆடிய நண்பர்கள் என்றால் விட்டுவிடுங்கள். கல்லூரி அணிகளில் பத்துப் பதினைந்து வருடம் அடிபட்ட ஆட்கள், அதிலும் ஸ்பெஷல் டீம்ஸுக்குத் தனி ஆள் என்றால், அந்த மனிதருக்குத் தனக்கு என்ன தெரியாது என்பது தெரிந்திருக்கிறது. அப்போது யோசிக்கலாம்.

கணவரிடம் இதைச் சண்டையாக்க வேண்டாம். கையெழுத்துப் போடும் நாளான பிப்ரவரி முதல் புதன்கிழமைக்கு முன்னால் இரண்டு இடத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். நட்சத்திரத்தோடு அவர் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. பையன் மட்டும் அந்த நேரத்தில் மைதானத்துக்குப் போய் கிக்கர்கள் எங்கே நிற்கிறார்கள், பக்கத்தில் யாராவது பெரியவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு வரட்டும்.

இன்னொன்று, எந்தக் கல்லூரியானாலும் பொருந்தும். பள்ளியில் ஃபீல்ட் கோல் உதைக்கும்போது பந்துக்கு அடியில் டீ என்கிற சின்னத் தாங்கியை வைத்துக்கொள்ளலாம், கம்பங்களுக்கு நடுவே 23 அடி 4 அங்குலம் இடம் உண்டு. கல்லூரியில் 1989லிருந்து டீ கிடையாது, புல்லிலிருந்தே உதைக்க வேண்டும், கம்ப இடைவெளியும் 18 அடி 6 அங்குலம்தான். நிறையப் பையன்கள் ஆகஸ்டில் வந்து இறங்கிய பிறகுதான் இதை உடம்பால் தெரிந்துகொள்கிறார்கள். பள்ளி சீசன் முடிந்துவிட்டது அல்லவா? அந்த டீயை இன்றைக்கே பையிலிருந்து எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.